அவுரி என்றால் எந்த அவுரி?

சிவகாசிப் பக்கம் “மருந்து கலக்கிக்கிட்டு இருக்கார்” என்று காதில் விழுந்தால், வைத்தியரைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும்தான் அங்கே மருந்து. அதற்குத் தனி அறை உண்டு, தனி ஆள் உண்டு. குத்துமதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, நிறுத்துத்தான் போடுவார்கள். அதே ஆள் வீட்டுக்கு வந்து, நாலு நாளாக வயிறு கல்லாகக் கிடக்கிறது என்று அவுரி இலையை ஒரு கைப்பிடி அள்ளி, சுண்டக் கொதிக்கவைத்துக் குடிப்பார். மறுநாள் சம்பளமும் போச்சு, உடம்பில் தெம்பும் போச்சு. இந்த அத்தியாயத்தை எழுதவேண்டும் என்று தோன்றியதே அந்தக் கைப்பிடியால்தான்.

அளவுக்கு முன்னால் பெயரைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு பெயர், இரண்டு செடி

சாத்தூர், வெம்பக்கோட்டை, கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விதைக்கிற அவுரி, உண்மையில் சென்னா. சித்த மருத்துவ நூல்களிலும் நாட்டு மருந்துக் கடைச் சீட்டிலும் நிலவாகை, நிலாவிரை, நிலாவாரை என்று எழுதியிருக்கும். யுனானிக்காரர்கள் சன்னா மக்கி என்பார்கள். மக்கா நகரத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல. செடியின் பூர்வீகம் அரேபியாவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும். அரபு வைத்தியர்கள்தான் அதை முதலில் பேதி மருந்தாக உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

பழைய நூல்களில் அவுரி என்று வருவது வேறு செடி. அதற்கு நீலி என்றும் பெயர். இலையிலிருந்து நீலச் சாயம் எடுப்பார்கள். நீலிபிருங்காதித் தைலத்தில் சேர்வதும், இன்று தலைமுடிக்குச் சாயமாகப் பொட்டலத்தில் விற்பதும் அதுதான். இரண்டும் குறுஞ்செடிதான், இரண்டின் இலையும் காய்ந்தபின் சாக்கில் ஒரே மாதிரிதான் கிடக்கும். நரைமுடிக்கு என்று வாங்கியதைப் பேதிக்குக் குடித்தவரும் உண்டு, பேதிக்கு விற்பதைத் தலையில் பூசிக்கொண்டு முடி கறுக்கவில்லையே என்று காத்திருந்தவரும் உண்டு. இரண்டாமவருக்கு நஷ்டம் பணத்தோடு போயிற்று.

செடியாக நிற்கும்போது பூவைப் பாருங்கள். சென்னாவின் பூ மஞ்சள். நீலியின் பூ சிறியது, இளஞ்சிவப்பு. காயைப் பார்த்தால் ஐயமே வராது. நீலிக் காய் குச்சிபோல மெல்லிசாக உருண்டு நீண்டிருக்கும். சென்னாக் காய் தட்டையாக, காகிதம்போல, சற்றே வளைந்து இருக்கும். உள்ளே இருக்கிற விதைகளின் மேடு வெளியிலிருந்தே தெரியும். காய்ந்த இலை மட்டும் கையில் இருக்கிறதா? சென்னா இலை ஈட்டிமுனைபோலக் கூராக முடியும். காம்போடு சேர்கிற அடிப்பக்கம் இருபுறமும் சமமாக இருக்காது, ஒருபக்கம் சற்று இறங்கியிருக்கும். அந்தக் கோணல்தான் அதன் கையெழுத்து. பொடியாக இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் கால்மணி நேரம் வையுங்கள். மேலே நீலம் ஓடினால் நீலி. மஞ்சள் கலந்த பச்சையாகவே கிடந்தால் அது நீலி இல்லை. ஆனால் அதுமட்டும் சென்னா என்பதற்குச் சாட்சி ஆகாது. அதனால்தான் வீட்டு உபயோகத்துக்குப் பொடி வாங்காதீர்கள், முழு இலையாக வாங்குங்கள் என்கிறேன்.

மூன்றாவதாக ஒரு சொந்தக்காரி இருக்கிறாள், ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்துக்கொண்டு வருவோமே, அவள்தான். மஞ்சள் பூ, அதே குடும்பம், அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் மயங்குவார்கள். ஆவாரை பெரிய புதராக வளரும். இலை நுனி மழுங்கி வட்டமாக இருக்கும், காய் நீளம். ஆவாரம்பூவைத் தேநீர்போலக் குடிக்கிறவர்கள் ஊரில் ஏராளம். அந்தப் பழக்கத்தில் சென்னாவையும் தினமும் குடித்துவிடாதீர்கள்.

கரிசலுக்கு வந்த கதை

உலகச் சந்தையில் இந்த இலைக்கு டின்னவேலி சென்னா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற ஆங்கிலேய வணிகர் இதைப் பயிரிட்டுக் கப்பலேற்றினார். லண்டன் சந்தையில் எகிப்து வழியாக வரும் அலெக்சாண்டிரியா சென்னாவுக்கு அது போட்டியாக நின்றது. விருதுநகர்க்காரர்கள் சிலர் “எங்கள் காட்டு இலைக்குத் திருநெல்வேலி பெயரா?” என்று கேட்பதுண்டு. பெயர் வைத்த காலத்தில் அது சரிதான். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. அந்த ஆண்டுதான் ராமநாதபுரம் ஜில்லா பிறந்தது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். மாவட்டங்கள் மாறின, மூட்டையில் எழுதும் பெயர் மாறவில்லை. இன்றும் இந்தப் பகுதி இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் வெளிநாடு போகின்றன.

பட்டாசும் சென்னாவும் ஒரே காரணத்துக்காக இந்த மண்ணில் ஊன்றியவை என்று நான் நினைத்துக்கொள்வேன். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வெயில் நிச்சயம். வெடி காய்வதற்கு வேண்டியதும் அதுதான், இலை பூஞ்சணம் பிடிக்காமல் காய்வதற்கு வேண்டியதும் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

இலையிலும் காயிலும் இருக்கிற சென்னோசைடு என்ற பொருள்தான் வேலை செய்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்தர் ஸ்டோல் 1941இல் இதைப் பிரித்தெடுத்தார். இது இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாது, ரத்தத்தில் சேராமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழற்றிவிடும். அதன் பிறகுதான் மருந்து விழித்துக்கொள்கிறது. குடல் சுவர் சுருங்கி விரியும், தண்ணீர் உள்ளே இறங்கும், மலம் இளகி நகரும்.

இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவு படுக்கப் போகும்போது குடிக்கச் சொல்வது அதனால்தான். பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு “ஒன்றும் ஆகவில்லையே” என்று இன்னொரு டம்ளர் போடுகிறவர்கள்தான் மறுநாள் அவதிப்படுகிறார்கள். முதல் டம்ளர் அப்போதுதான் பாதி வழியில் இருக்கும்.

இது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சென்னா மாத்திரை இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுக்கிறவர்களுக்கு மலம் இறுகிவிடும், அவர்களுக்கு மருத்துவர்கள் இதைத்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2002இல் கற்றாழைப் பாலைப் பேதி மருந்தாக மருந்துக் கடையில் விற்பதை நிறுத்தச் சொன்னார்கள், சென்னாவை விட்டுவைத்தார்கள். அளவோடு எடுத்தால் நம்பத் தகுந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எவ்வளவு, எப்படி

நன்கு வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு காய்ந்த இலை 1 கிராம். அதிகபட்சம் 2 கிராம். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் சுருங்கும், “இத்துனூண்டா?” என்பார்கள். ஒரு கிராம் என்பது விரல் நுனிகளால் எடுக்கிற அளவுதான். முதல் தடவை மட்டுமாவது நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் நகைக்கடையில் நிறுத்துத் தரச் சொன்னால் சிரித்துக்கொண்டே தருவார்கள். கண்ணுக்கு அளவு பழகிவிட்டால் பிறகு தராசு வேண்டியதில்லை.

முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டு, அதில் இலையைப் போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் ஊறினால் போதும், வடிகட்டிக் குடிக்கலாம். அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்ச வேண்டாம். காய்ச்சினால் வயிற்றைப் பிசைவது கூடும். ஒரு சிட்டிகை சுக்குப் பொடியோ கொஞ்சம் சோம்போ சேர்த்தால் பிசைவு அடங்கும். சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம் சேர்வதன் நோக்கமும் இதுதான். பழையவர்கள் மருந்துக்குத் துணைமருந்து இல்லாமல் கொடுத்ததில்லை. கசப்பு பிடிக்காவிட்டால் கருப்பட்டி ஒரு துண்டு.

காய் கிடைத்தால் நான் காயைத்தான் எடுப்பேன். இலையைவிடச் சாது. நாலைந்து காயைக் காலையிலேயே பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்து, இரவு அந்தத் தண்ணீரை மட்டும் குடிப்பது. கடையில் இலை கேட்டால் இலைதான் தருவார்கள், காய் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

குடித்த மறுநாள் சிறுநீர் பழுப்பாகவோ சிவந்தோ போகலாம். மருந்தின் நிறம் அது, பயப்பட வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்குமேல் தேவைப்படாது. ஒரு வாரம் தாண்டியும் வழிக்கு வரவில்லை என்றால் இலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் தினமும் குடிக்கிறவர்களுக்கு உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, கைகால் தளர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு. நிறுத்தினால் நாளடைவில் பழைய நிறத்துக்குத் திரும்பும். உடல் இளைக்க என்று பகட்டான பெட்டியில் விற்கிற தேநீர்ப் பைகளின் உறையைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் சென்னா இருக்கும். எடை இறங்குவதாகத் தராசு காட்டும். இறங்கியது தண்ணீர்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடவேண்டும் என்று சித்த மருத்துவ மரபில் ஒரு விதி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியர் நாடி பார்த்து, ஆளுக்குத் தக்க மருந்தும் அளவும் சொல்லி, அன்றைக்கு என்ன சாப்பிடவேண்டும் என்பதுவரை வகுத்துக் கொடுத்த முறை அது. அந்த விதியைக் காட்டி நீங்களாக ஒரு கைப்பிடி அள்ளாதீர்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, சீட்டு எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

யாருக்குக் கூடாது

காரணம் தெரியாத வயிற்றுவலி இருக்கும்போது எந்தப் பேதி மருந்தும் கூடவே கூடாது. குடல்வால் வீங்கியிருந்தால் அது உயிருக்கு உலை வைக்கும். குடல் அடைப்பு, குடல் புண், மலத்தில் ரத்தம், வாந்தி இவை இருந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பால் கொடுக்கிற தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் நாமாகக் கொடுப்பதும் தவறு. சிறு குழந்தைகளுக்குச் சென்னா கொடுத்து, பேதியான மலம் டயப்பரில் தங்கிவிட்டால், அந்த இடத்துத் தோல் தீப்பட்டதுபோலக் கொப்பளித்துவிடுவது மருத்துவர்கள் பார்த்திருக்கிற விஷயம்.

இதயத்துக்கு டிகாக்சின் எடுக்கிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள், ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் சொல்லாமல் குடிக்கக் கூடாது. இருமலுக்கு என்று அதிமதுரத்தை நாள்பட மென்றுகொண்டிருக்கிறவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைப்பது, இரண்டும் சேர்ந்தால் இரட்டை இழப்பு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குழாய் உருட்டுகிறவர்கள், சரம் பின்னுகிறவர்கள், தீப்பெட்டி அடைக்கிறவர்களுக்கு வேலை காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே. கூலி உருப்படிக் கணக்கு. எழுந்து போனால் உருப்படி குறையும், எழாமல் இருக்கத் தண்ணீரைக் குறைப்பார்கள். இப்படி வந்த மலச்சிக்கலுக்கு இலை மருந்தாகாது. இரண்டு நாள் விடுவிக்கும், மூன்றாம் நாள் பழையபடி. ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும், வாரத்தில் நாலு நாள் கீரையும், ஒரு கொய்யாப்பழமும் செய்கிற வேலையை முதலில் செய்யவிடுங்கள். விருதுநகரில் இருந்துகொண்டு எண்ணெய்ப் புரோட்டாவைக் குறை சொன்னால் ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள். அதனால் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, இரவு பத்து மணிக்குமேல் நாலாவதைக் கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பட்டாசு ஊர் என்பதால் யாராவது கேட்பார்கள்: தீக்காயத்துக்கு அவுரி இலையை அரைத்துப் பூசலாமா? கூடாது. நீலியும் கூடாது, சென்னாவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் லேசாக மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காட்டிலிருந்து டப்பா வரை

சொந்தத்தில் கொஞ்சம் நிலம் இருப்பவர்கள் வரப்போரமாவது விதைத்துப் பார்க்கலாம். மானாவாரிக்குப் புரட்டாசி, ஐப்பசி மழை. விதை ஓடு கெட்டி, ஒரு இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த கே.கே.எம். 1 இந்தப் பகுதிக்கென்றே உள்ள ரகம். செடிக்கு வறட்சி பொருட்டல்ல, தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும். ஆடு பெரும்பாலும் வாய்வைக்காது. வெளிர்மஞ்சள் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சி காட்டுக்குள் சுற்றுகிறதென்றால் பச்சைப் புழு வரப்போகிறது என்று அர்த்தம். வீட்டுக்கென்று வளர்ப்பதில் பூச்சிமருந்து அடிக்காமல் கையால் பொறுக்கிவிடலாம்.

இரண்டு மாதம் கடந்ததும் முதல் தடவை இலை உருவலாம். பூவைக் கிள்ளிவிட்டால் இலை கூடும், விட்டுவிட்டால் காய் கிடைக்கும். எது வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலே சொன்ன வித்தியாசம் இங்கேதான். வெடி காயும் வெயிலில் இலையைப் போடாதீர்கள். நிறம் வெளுத்துவிடும், கமிஷன் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்கள். காற்றோட்டமான நிழலில், தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறிவிட்டு ஒரு வாரம் பத்து நாள். கையில் எடுத்தால் சலசலக்கவேண்டும், மடக்கினால் ஒடியவேண்டும், நிறம் மட்டும் பச்சை மாறக்கூடாது. காய்க்கு வெயில் பரவாயில்லை.

குடோனில் இலை புடைக்கிற, சலிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் முகத்தை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். சென்னாத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு மூக்கில் நீர், தும்மல், ஆஸ்துமா வந்தது ஆய்வுகளில் பதிவானது. பட்டாசு ஆலையில் தூசிக்குப் பயப்படுகிற அதே ஆள், “இது பச்சிலைதானே” என்று இங்கே துண்டை அவிழ்த்துப் போட்டுவிடுவார்.

அதே காட்டில் பக்கத்து வரிசையில் நித்தியகல்யாணி நிற்கலாம். அதையும் மூலிகைப் பயிர் என்றுதான் வியாபாரிகள் வாங்குகிறார்கள். அதிலிருந்து வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அதன் இலையை மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரத்த அணுக்களையே குறைக்கக்கூடிய பொருள் அது, ஆலைக்குப் போகவேண்டியது, அடுப்பங்கரைக்கு அல்ல.

காய்ந்த இலையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இருட்டில் வையுங்கள். டீத்தூள், துளசி, ஆவாரம்பூ இருக்கிற தட்டில் வைக்கவேண்டாம். விருந்தாளிக்குத் தேநீர் போடுகிறவர்கள் நல்ல மனத்தோடு எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஓராண்டுக்குமேல் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, இலையா காயா, வாங்கிய மாதம், ஒரு வேளைக்கு 1 கிராம், இரவு மட்டும் என்று எழுதுங்கள். பெயர் எழுதும் இடத்தில் நிலவாகை என்றோ சென்னா என்றோ எழுதுங்கள். அவுரி என்று எழுதிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாராவது அதைக் குழைத்துத் தலையில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.